தனியார் செயற்கைக்கோளுக்கு அரசு அனுமதி எதற்கு?

தரமணிப் பொறியாளர்:
எங்கள் சிறு நிறுவனம் செய்து முடித்த செயற்கைக்கோள் 5 மாதங்களாக நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கையுறை மாட்டி வெளியே எடுத்து, மின்கலத்துக்குச் சார்ஜ் ஏற்றி, மறுபடி உள்ளே வைக்கிறோம். அலைவரிசை தொடர்பாக ஓர் அலுவலகம் கேட்ட விளக்கத்தைக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து அதே விளக்கத்தை வேறொரு படிவத்தில் கேட்டார்கள். அதற்குள் ராக்கெட்டில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிடுவதாக 2020-இல் அறிவித்த அரசு இப்படி இழுத்தடிக்கலாமா? முதலும் எங்களுடையது, நட்டமும் எங்களுடையது. பதிவு செய்தால் போதும், அனுமதி வேண்டாம் என்பதே என் நிலை.

உயர் நீதிமன்ற வழக்கறிஞர்:
உங்கள் அலைச்சல் புரிகிறது. ஆனால் நட்டம் உங்களோடு நிற்பதில்லை, நண்பரே. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு, தனியார் செய்யும் விண்வெளிப் பணிகளுக்கும் அந்தந்த நாடே பொறுப்பு என்றும், அவற்றுக்கு அனுமதி அளிப்பதும் தொடர்ந்து கண்காணிப்பதும் அரசின் கடமை என்றும் சொல்கிறது. 1972-இன் இழப்பீட்டு உடன்படிக்கைப்படி, விழுந்த பொருள் தரையில் சேதம் விளைவித்தால், தவறு யாருடையது என்ற கேள்விக்கே இடமின்றி ஏவிய நாடு ஈடு கட்டியாக வேண்டும். 1978-இல் சோவியத் ஒன்றியத்தின் காஸ்மாஸ் 954, அணு உலையோடு கனடாவின் வடபகுதியில் சிதறி விழுந்தபோது, கனடா 60 லட்சம் டாலருக்கு மேல் கேட்டு, கடைசியில் 30 லட்சம் பெற்றது.

நமக்கு அருகிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்வார்ம் என்ற அமெரிக்க நிறுவனம், 10 சென்டிமீட்டர் நீள அகலமும் 2.8 சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட, உள்ளங்கையில் வைக்கக்கூடிய நான்கு செயற்கைக்கோள்களைச் செய்தது. இவ்வளவு சிறியவற்றை ராடாரால் நம்பகமாகப் பின்தொடர முடியாது என்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அனுமதி மறுத்தது. ஆனாலும் 2018 ஜனவரி 12 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி.யில் அவை ஏறிச் சென்றன. நிறுவனத்துக்கு 9 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அவற்றில் ஒன்று தரையில் யாருக்கேனும் சேதம் விளைவித்திருந்தால், ஏவிய மண் நம்முடையது என்பதால் இந்தியாவும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். வெறும் பதிவேடு அதை எப்படித் தடுத்திருக்கும்?

பழவேற்காட்டு வாசி:
ராக்கெட் ஏவும் நாளில் எங்கள் படகுகளைக் கடலுக்குள் விடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அன்றைய பிழைப்பு போனாலும் கரையில் நிற்கிறோம். ஏவுகிறவர்களையும் ஒருவர் கேள்வி கேட்கிறார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அது எங்களுக்கு ஏற்புடையதாக இருக்கும்.

தரமணிப் பொறியாளர்:
ஐயா சொன்னதை மறுக்க மாட்டேன். பதிவு மட்டும் போதும் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வழக்கறிஞர் அம்மாவிடம் ஒன்று கேட்கிறேன். எந்தச் சட்டத்தின் கீழ் இந்த அனுமதி? விண்வெளிச் செயல்பாடுகள் மசோதா 2017-இல் வரைவாக வெளிவந்தது, அது சட்டமாகவில்லை. 2023-இன் விண்வெளிக் கொள்கையையும் 2024-இன் நெறிமுறைகளையும் வைத்துத்தான், தனியார் விண்வெளிப் பணிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸ் அனுமதி வழங்குகிறது. நெறிமுறையை அடுத்த ஆண்டே மாற்றலாம். குறித்த கெடுவுக்குள் முடிவு வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம் வரட்டும்.

உயர் நீதிமன்ற வழக்கறிஞர்:
சட்டம் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அது இத்தனை காலம் வராததை நானும் குறையாகவே கருதுகிறேன். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதைத்தான் ஏற்க முடியாது. விதியை மீறிக் கட்டிய சுவரைப் பிறகு இடிக்கலாம். 500 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனதை நோட்டீஸ் அனுப்பி இறக்க முடியாது.

தரமணிப் பொறியாளர்:
அப்படியானால் கெடு தவறினால் காரணத்தை எழுத்தில் தரட்டும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய ஒரு தீர்ப்பாயம் இருக்கட்டும். அதற்காவது சம்மதிக்கிறீர்களா?

உயர் நீதிமன்ற வழக்கறிஞர்:
முழுமையாகச் சம்மதிக்கிறேன். அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்பதற்கும் காரணம் எழுத வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.