காவல் பயிற்சி முடித்தவர்களே, பொது அறநெறி படிக்க ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் எஸ்.ஐ. பயிற்சி முடித்து, இப்போது ஒரு ஸ்டேஷனில் இருக்கிறேன். கைது செய்யும்போது போலீஸ் பின்பற்ற வேண்டிய விதிகளைச் சொன்ன, டி.கே. பாசு வழக்கின் 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பயிற்சியில் மனப்பாடமே செய்திருந்தோம். கைது மெமோவில் நேரம், தேதி இருக்க வேண்டும், சாட்சி கையெழுத்து வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினேன்.

போன மாதம் ஒரு மெமோ என் கைக்கு வந்தது. நேரம் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. "அப்புறம் போட்டுக்கலாம் சார்" என்றார் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர், டீயை உறிஞ்சிக்கொண்டே. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கலே. சரி என்று நகரவும் முடியவில்லை, எனக்கு மேலே இருப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்றும் தெரியவில்லை. அன்றைக்கு நேரத்தை நானே கேட்டு எழுதினேன். தினமும் அப்படி முடியுமா?

இதை முறையாகப் படிக்க ஆசை. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொது நிர்வாகம் பார்த்து வைத்திருக்கிறேன். ஆனால் எனக்கு வேண்டியது நிர்வாகத்தைவிட அறநெறிதான். பேசாமல் எம்.ஏ. தத்துவம் சேரலாமா? யு.பி.எஸ்.சி. அறநெறித் தாள் வழிகாட்டிகளைப் புரட்டினேன். எல்லாம் பதில் எழுதும் உத்திதான். மத்திய அரசின் இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் அறநெறி பற்றி வெளியிட்ட 2007 அறிக்கை பரவாயில்லை.

வேலையில் இருந்துகொண்டே படித்தவர்கள் சொல்லுங்கள்: துறை அனுமதிக்கு எப்போது விண்ணப்பித்தீர்கள்? பந்தோபஸ்து நாளில் தேர்வு வந்தால் என்ன செய்தீர்கள்? தமிழில் படிக்க ஏதாவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.