செஸ்: டிராகனில் எச்4-க்கு எச்5 பதில் வந்தால் ராஜாவை எப்படி உடைப்பது?

கேள்வி:
சிசிலியன் டிராகன் (கறுப்பு ஜி6 போட்டு பிஷப்பை ஜி7-ல வைக்கிற தொடக்கம்), அதுக்கு எதிரா வெள்ளை ஆடுற யூகோஸ்லாவ் அட்டாக். வெள்ளை ராணி பக்கம் காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வுல இடம் மாறுறது), கறுப்பு ராஜா ஜி8-ல். எச்4 போட்டதும் கறுப்பு எச்5 போட்டு அடைச்சிடுது. ஜி4 தள்ளினா ஒரு சிப்பாய் சும்மா போகுதே? ரெண்டு ராஜாவும் ஒரே பக்கம் இருந்தாலும் இப்படித் தள்ளலாமா?

பதில் 1:
போகட்டும், விடுங்க. யானைக்கு வழி திறந்தா அந்தச் சிப்பாய் கணக்கிலேயே வராது. ஜி6-ல கறுப்புச் சிப்பாய் நிக்கிறதுதான் உங்களுக்குக் கிடைச்ச பிடி, அதாவது உங்க சிப்பாய் மோதி வழி திறக்கிற இடம்: எச்4, எச்5, ஜி6-ல வெட்டு, மூணே நகர்வுல எச் ஃபைல் (எச் எழுத்துள்ள நெடுவரிசை) திறந்துடும். ஜி7, எச்7 சிப்பாய் ரெண்டும் அசையாம இருந்தா மோத ஒண்ணுமே இல்ல, ஜி சிப்பாயையும் கூட்டிட்டுப் போகணும். எச்5 அடைப்புக்கு ஜி4 தான் மருந்து. வெட்டினா எச்5-னு அடுத்த சிப்பாயையும் கொடுங்க, குதிரை அதை எடுத்ததும் டி1 யானை ஜி1-க்கு.

1958 போர்ட்டோரோஸ் போட்டியில நடந்த ஃபிஷர் (வெள்ளை)–லார்சன் (கறுப்பு) ஆட்டத்தைப் போட்டுப் பாருங்க. அதுல எச் ஃபைல் திறந்த பிறகு கறுப்புக் குதிரை எச்5-ல வந்து அடைச்சுது. 22-வது நகர்வுல ஃபிஷர் யானையாலேயே அந்தக் குதிரையை வெட்டினார். ஜி6 சிப்பாய் எச்5-க்கு இழுக்கப்பட்டது, அடுத்த நகர்வே ஜி5-ல இருந்த வெள்ளைச் சிப்பாய் ஜி6-க்குப் பாய்ஞ்சுது. 31-வது நகர்வோட ஆட்டம் முடிஞ்சுது. அருமையான ஆட்டம்!

பதில் 2:
ஒரு எச்சரிக்கை. அவசரப்பட்டு எச்6-ல பிஷப்பை மாத்தாதீங்க. ராணி எச்6-ல வெட்டின உடனே சி3 குதிரைக்கு பி2 சிப்பாய் மட்டும்தான் காவல். சி8-ல யானை இருந்தா சி3-ல வந்து விழும், உங்க ராஜா முன்னாடி இருக்கிற சுவர் போச்சு.

பதில் 3:
ஒரே பக்கம் காஸ்லிங்னா நடு அடைபட்டிருந்தா மட்டும் தள்ளுங்க. கிங்ஸ் இந்தியன்ல (கறுப்பு ஜி7-ல பிஷப்பை வைக்கிற இன்னொரு தொடக்கம்) வெள்ளை டி5, கறுப்பு இ5 நின்னா கறுப்பு எஃப்5, எஃப்4, ஜி5, எச்5, ஜி4-னு போகும். இ4-ஐக் காக்க வெள்ளை போட்ட எஃப்3 தான் இங்க பிடி. நடு திறந்திருக்கிற ஆட்டத்துல இதைச் செஞ்சா, ஓட்டை விழறது உங்க ராஜாவைச் சுத்தித்தான்.

அதுல கறுப்பா ஆடினா சி8 பிஷப்பை எளிதா மாத்திக்காதீங்க, கடைசியில எச்3 சிப்பாயை உடைக்க அது வேணும். ஜி4-க்கு முன்னாடி இ7 குதிரையை ஜி6-க்கு அனுப்பிட்டு யானையை எஃப்7-ல வைங்க, சி7-க்கும் காவல் ஆகும். ஜி7 பிஷப் எஃப்8 போய் டி6-ஐப் பார்த்துக்கும். அப்புறம் அந்த யானையே ஜி7 வந்து ஜி4-க்குப் பின்னால நிக்கும்.