டிவிடி பேக்கப்பில் விளிம்புப் பகுதி மட்டும் கெட்டுப்போகிறது

அப்பா எடுத்த குடும்பப் படங்கள், 60 ஜிபி. அவர் போன பிறகு இவைதான் மிச்சம். அதனால் ஹார்ட் டிஸ்க் தவிர டிவிடியிலும் ஒரு பிரதி வேண்டும்.

வேளச்சேரி வீட்டில் விண்டோஸ் 10 டெஸ்க்டாப், யூஎஸ்பியில் செருகும் ஸ்லிம் ரைட்டர், 4.7 ஜிபி டிவிடி-ஆர். மூன்று வாரமாக இதே பிரச்சினை. எழுதி முடிக்கிறது, சரிபார்க்கும்போது நின்றுவிடுகிறது. தட்டின் உள்வட்டப் படங்கள் நன்றாகத் திறக்கின்றன. விளிம்பை ஒட்டியவை பாதி சாம்பலாக வருகின்றன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், கீறலே இல்லை.

வேகத்தை 8எக்ஸிலிருந்து 4எக்ஸாகக் குறைத்தேன். பின்பக்க போர்ட்டுக்கு மாற்றினேன். ரிச்சி தெருவில் வேறு கம்பெனி தட்டுகள் வாங்கினேன். பதினோரு தட்டு வீண். 3 ஜிபியோடு நிறுத்தினால் மட்டும் சரியாக வருகிறது.

ரைட்டரின் லென்ஸ் பழுதா, இல்லை யூஎஸ்பி மின்சாரம் போதவில்லையா, எப்படிக் கண்டுபிடிப்பது?