மறு: நண்டுக்கும் இறாலுக்கும் நடுவே ஒரு பெயர்

குழுவினருக்கு வணக்கம்.

தனித்தனியாகப் பதில் எழுதினால் இழை இன்னும் நீளும். அதனால் எல்லாருக்கும் ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் கிரேஃபிஷ் (crayfish) என்கிற, கொடுக்குள்ள நன்னீர் உயிருக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே பேச்சு. என் கட்சி இதுதான்: பொதுப்பெயர் நண்டிறால். சேர்த்து எழுத வேண்டும், நடுவில் இடைவெளி கூடாது. ஏன் என்று இனி பார்ப்போம்.

> நன்னீர்ச் சிங்கி என்று வைத்துவிடலாம். சிங்கி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொல்தானே?

புழக்கத்தில் இருப்பதுதான் வம்பு, அக்கா. ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் சிங்கி இறால் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது முதுகெல்லாம் முள்ளும், உடம்பைவிட நீண்ட மீசையும் உள்ள கடல் உயிர். அதற்குக் கொடுக்கே கிடையாது. நாம் பெயர் தேடுகிற பிராணிக்கோ கொடுக்குதான் முகவரி. முன்னால் உள்ள மூன்று ஜோடிக் கால்களின் நுனியிலும் கொடுக்கு உண்டு; முதல் ஜோடி மட்டும் பருத்து, அசந்தால் விரலைப் பதம் பார்க்கும். ஐரோப்பா, அமெரிக்காவின் குளிர்ந்த கடல்களில் பெருங்கொடுக்கோடு திரியும் லாப்ஸ்டர் இதற்கு நெருங்கிய சொந்தம் என்பது சரி. அந்த லாப்ஸ்டர் நம் கடலில் இல்லை, நம் சிங்கி வேறு குடும்பம். சிங்கியை இதற்கு இழுத்தால் கொடுக்கில்லாத ஒன்றின் பெயரைக் கொடுக்கே உருவான ஒன்றுக்கு வைத்ததாக ஆகும்.

> கொடுக்கு + இறால் = கொடுக்கிறால். புணர்ச்சியும் சரி, பொருளும் சரி.

இலக்கணத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, தம்பி. வாயில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். 'கொடுக்கிறால் வாங்கிட்டு வந்தேன்' என்றால், யார் கொடுக்கிறாள் என்றுதான் வீட்டில் அடுத்த கேள்வி வரும். கைப்பேசியில் தட்டினால் அதுவே ளகரம் போட்டுத் திருத்தியும் வைக்கும். போதாக்குறைக்கு, ஸ்கேம்பி என்று வியாபாரத்தில் ஓடுகிற நம் ஆற்று இறாலுக்கும் கொடுக்கு இருக்கிறது. ஆண் இறாலுக்கு இரண்டாவது ஜோடிக் கால்கள் நீலமாக, உடம்பளவுக்கு நீண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே கொடுக்கு மட்டும் சொல்லி இரண்டையும் பிரிக்க முடியாது.

> மண்ணில் வளை தோண்டி வாழ்வதால் வளையிறால்.

கருத்து அருமை. கோடையில் தண்ணீர் வற்றும்போது வளைக்குள் இறங்கி, வளையின் வாயில் மண்ணுருண்டைகளை அடுக்கிக் குழாய்மாதிரி எழுப்பிவிட்டு உள்ளே இருந்துகொள்ளும். வயல் நண்டு வளை தெரிந்த நம் ஊர்க்காரருக்கு இது உடனே பிடிபடும். ஆனால் வளை என்றால் வளையல், வளைவு என்றும் பொருள் உண்டே. எந்த இறால்தான் வளையாமல் இருக்கிறது? வளையிறால் என்று எழுதினால் சட்டியில் சுருண்டு கிடக்கிற சாதா இறால்தான் ஞாபகம் வரும்.

பெயரில் மீன் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். ஆங்கிலப் பெயரின் வாலில் இருக்கிற மீன், மீனே அல்ல. பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றின் கடைசி அசை ஆங்கிலேயர் காதில் 'ஃபிஷ்' என்று விழுந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அவர்கள் காதுகேளாமைக்கு நாம் ஏன் மொழிபெயர்ப்பு செய்ய வேண்டும்?

> நம் நாட்டிலேயே இல்லாத பிராணிக்கு இத்தனை மெனக்கெடல் தேவையா?

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம். இந்த இனத்தில் 600-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஐரோப்பா, கிழக்காசியா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மடகாஸ்கர் எல்லாம் இதற்குத் தாய்வீடு. இந்தியாவிலும் ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் இயற்கையாக ஒன்றுகூட இல்லை. ஆனால் மதுரையில் வண்ணமீன் கடைக்குப் போனால் கண்ணாடித் தொட்டியில் நீல நிறத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான் பார்த்த கடையில் அதன் பெயர் லாப்ஸ்டர். வாங்குகிறவருக்கு அது கடல் உயிரா, குளத்து உயிரா என்று தெரியாது. கூடவிட்ட மீனை அது நறுக்கித் தின்னத் தொடங்கியதும், பாவம் பிழைத்துப் போகட்டும் என்று ஒருவர் வாளியோடு கொண்டுபோய் ஊருணியிலோ கண்மாயிலோ விட்டால் அப்புறம் பெரிய தலைவலி.

ஏனென்றால் ஆற்று இறாலுக்கு இருக்கிற கட்டுப்பாடு இதற்கு இல்லை. ஆற்று இறாலின் குஞ்சு வளர உப்பு கலந்த முகத்துவாரத் தண்ணீர் வேண்டும். இதன் குஞ்சு முட்டையிலிருந்து வரும்போதே தாயின் சின்னப் பிரதியாக வந்து, தாயின் வாலடியில் தொற்றிக்கொண்டு சில நாள் இருந்துவிட்டு இறங்கிவிடும். ஒரு கண்மாய்த் தண்ணீரே அதற்குப் போதும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சிவப்பு வகை கென்யாவின் நைவாஷா ஏரியில் விடப்பட்டது 1970-இல். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நெல்வயல் வரப்புகளைத் துளைத்துத் தண்ணீரை வடியவிடுவதும் அதுவே. மண்கரையை நம்பி நிற்கிற நம் கண்மாய்களில் அது இறங்கினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எச்சரிக்கைப் பலகை வைத்தாலும் சரி, ஊர்க்கூட்டத்தில் சொன்னாலும் சரி, கேட்டவுடன் உருவம் கண்ணில் நிற்கிற பெயர் வேண்டும். பேராசிரியருக்கு ஏற்ற சொல்லைவிட மடையில் நிற்கிறவருக்கு விளங்கும் சொல்லையே நான் எடுப்பேன். நாம் வைக்காவிட்டால் மார்க்கெட் வைத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். 1952-இல் திலாப்பியா இந்தியாவுக்குள் வந்தது. எந்தக் குழுவும் கூடுவதற்கு முன்பே நம் ஜனம் அதை ஜிலேபி ஆக்கிவிட்டது. இன்றைக்கு ஜிலேபிக் கெண்டை இல்லாத கண்மாய் ஏது?

இப்போது நண்டிறால். கடைக்காரர் தொட்டிக்குள் வலையை விட்டதும் அது முதலில் இரண்டு கொடுக்கையும் விரித்துத் தூக்கி எதிர்த்து நின்றது. வலை நெருங்கியதும் வாலைப் பட்டென்று மடக்கி ஒரே பாய்ச்சலில் பின்பக்கமாகப் போய் மூலையில் இடித்தது. நிற்கும்போது நண்டு, ஓடும்போது இறால். பெயருக்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

> விலங்கியல்படி அது நண்டும் அல்ல, இறாலும் அல்ல. பெயரிலேயே இரண்டு பிழை.

ஐயா, ஒட்டகச்சிவிங்கி ஒட்டகமும் அல்ல, சிவிங்கியும் அல்ல. நெருப்புக்கோழி கோழியா? வௌவால் மீனைச் சுவைத்துச் சாப்பிடும்போது யாரும் வௌவாலை நினைப்பதில்லை. சிங்கி இறாலே விலங்கியல்படி இறால் இல்லை. சீனாவில் லாப்ஸ்டரை டிராகன் இறால் என்ற பொருளிலும், இதைக் குட்டி டிராகன் இறால் என்ற பொருளிலும் சொல்கிறார்கள். உலகத்திலேயே அதிகமாக வளர்த்துத் தின்கிறவர்கள் அவர்கள். இறால் என்ற தலைச்சொல் அவர்களுக்கு உறுத்தவில்லை.

ஒரே ஒரு நியாயமான ஆட்சேபம் உணவகப் பட்டியலைப் பற்றியது. பிரித்து அச்சடித்தால் நண்டும் இறாலும் கலந்த வறுவல் என்று நினைத்து ஆள் உட்கார்ந்துவிடுவார். அதற்குத்தான் சேர்த்தே எழுத வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன்.

சரி, பிடிக்கிற சங்கதிக்கு வருவோம். 'டிராப்' என்பதற்குப் பொறி என்று ஒருவரும், ஊத்தா என்று மேலூர் அண்ணனும் எழுதியிருந்தீர்கள். ஊத்தா இதற்குப் பொருந்தாது, அண்ணே. மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் மீன்பிடித் திருவிழாவில் வெள்ளைத் துண்டு வீசியதும் ஜனம் ஊத்தாக் கூடையோடு இறங்குமே, அது ஆள் தேடிப்போய்க் கவிழ்ப்பது. கவிழ்த்த பின் மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். உள்ளே இருப்பது கெண்டையாக இல்லாமல் நண்டிறாலாக இருந்தால் கை போன வேகத்தில் திரும்பும். லூசியானாவில் வைப்பது காத்திருந்து பிடிக்கும் கூடு: கம்பி வலையைக் கூம்பாக மடித்து, அடியில் உள்ளே போகமட்டும் வழிவிடும் குறுகின வாய்கள் வைத்து, மீன் துண்டை இரையாகப் போட்டு, கழுத்து தண்ணீருக்கு மேலே நிற்கிறமாதிரி நட்டுவிடுவார்கள். இதற்கு நம்மிடம் பறி என்ற பழைய சொல் இருக்கிறது. இரைப்பறி என்று எழுதினால் போதும். கூட்டிலிருந்து எடுக்கும்போது கொடுக்குக்குப் பின்னால் முதுகோட்டைப் பிடித்தால் அதனால் எட்டிக் கவ்வ முடியாது. வயல் நண்டு பிடித்த கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கே இதை நெல்லோடு சேர்த்தே வளர்க்கிறார்கள் என்பது பெரியாறு பாசனக்காரர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும். கோடைத் தொடக்கத்தில் நெல் நிற்கிற வயலில் தாய் நண்டிறால்களை விடுகிறார்கள். அறுவடைக்குத் தண்ணீரை வடிக்கும்போது அவை வளைக்குள் போய்விடும். அறுத்த தாளை அப்படியே விட்டு, அக்டோபர் வாக்கில் மறுபடி தண்ணீர் கட்டினால் குஞ்சுகளோடு வெளியே வரும். அழுகி ஊறுகிற அந்தத் தாளே தீனி. குளிர்காலத்திலிருந்து வேனில் வரை பிடிப்பு. வயிற்றில் முட்டையோடு இருப்பதற்குப் புதுச்சொல் தேடாதீர்கள். சினை நண்டு மாதிரி சினை நண்டிறால்.

சமையல் சொற்களில் எனக்கு இரண்டே இரண்டில்தான் கருத்து. முதலாவது, சமைக்குமுன் ஒரு நாள் இரை போடாமல் நல்ல தண்ணீரில் விட்டு வயிற்றைக் காலியாக்குவது. 'தூய்மிப்பு' என்று ஒரு சொல் வந்திருக்கிறது. அயிரைக் குழம்பு வைக்கிற ஊரில் இருந்துகொண்டு இதற்கா சொல் பஞ்சம்? உயிர் அயிரையைப் பாலில் விட்டு மண்ணைக் கக்கவைக்கிறோமே, அதேதான். மண் கக்கவைத்தல். கடைசி நிமிடத்தில் உப்பைத் தூவினால் குடல் காலியாகும் என்று அங்கேயும் சிலர் நம்புகிறார்கள். உப்பு அதைச் செய்யாது, தண்ணீரும் நேரமும்தான் செய்யும்.

இரண்டாவது, அந்த ஊர்ப் பந்தி. பெரிய அண்டாவில் உப்பு, மிளகாய்த்தூள், பூண்டு, வெங்காயம், எலுமிச்சை, பிரிஞ்சி இலை போட்டுக் கொதிக்கவிட்டு, உருளைக்கிழங்கையும் மக்காச்சோளத்தையும் வேகவைத்து, நண்டிறாலை உயிரோடு கொட்டி, மறுகொதி வந்து சில நிமிடத்தில் அடுப்பை நிறுத்திவிடுவார்கள். கைத்திறன் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அந்தக் காரத் தண்ணீரிலேயே கால் மணி, இருபது நிமிடம் ஊறவேண்டும். ஓடு தடிமனானதால் கொதியில் காரம் உள்ளே ஏறாது, ஊறும்போதுதான் ஏறும். கொதித்துக்கொண்டே இருந்தால் சதை ரப்பராகிவிடும். மைத்துனர் ஒருவர் அந்தப் பக்கம் வேலை பார்க்கிறார். நம் நண்டு வறுவல் முறையில் முழுசாகச் சட்டியில் புரட்டியபோது மசாலா எல்லாம் ஓட்டில் நின்றதே தவிர உள்ளே போகவில்லையாம். இப்போது அவித்து ஊறவைத்து, வால் சதையை உரித்தெடுத்து, சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு போட்டு நல்லெண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டுகிறார். உரிப்பது கஷ்டமில்லை. தலையையும் வாலையும் திருகிப் பிரித்து, முதல் இரண்டு வளையத்தை நெம்பிவிட்டு, வால் நுனியை அழுத்தினால் சதை வந்துவிடும். தலைக்குள் இருக்கிற மஞ்சளை உறிஞ்சாதவரை அங்கே யாரும் மதிப்பதில்லை. மொத்த எடையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் சதை என்பதால் ஆளுக்கு ஒன்றிரண்டு கிலோ என்று கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறார்கள்.

இதற்கு அவியல் என்று எழுதியவர் மன்னிக்க வேண்டும். அவியல் என்றால் தேங்காயும் தயிரும் போட்ட காய்தான் இலைக்கு வரும். அங்கே 'பாயில்' (boil) என்ற சொல் பண்டத்தையும் குறிக்கும், ஆள் கூட்டி நடத்தும் விருந்தையும் குறிக்கும். நமக்கும் அந்த வழக்கம் உண்டு: கிடாவெட்டு, காதுகுத்து எல்லாம் செயலின் பெயர்தான், விருந்துக்கும் அதுவே பெயர். அந்த வரிசையில் நண்டிறால் அவிப்பு.

வகைப்பெயர்களில் ஒரு எச்சரிக்கை. வெந்தால் எல்லா நண்டிறாலும் சிவக்கும். ஓட்டுப் புரதத்துக்குள் பொதிந்திருக்கிற சிவப்பு நிறமி சூட்டில் விடுபடுவதால் வரும் நிறம் அது. ஆகவே சிவப்பு என்பதை உயிரோடு இருக்கும்போதே சிவந்திருக்கிற லூசியானா வகைக்கு மட்டும் வைப்போம். செஞ்சேற்று நண்டிறால் என்ற பரிந்துரையில் சேறுதான் சிவக்கிறது. சேற்றுச் செந்நண்டிறால் என்று திருப்பிப் போட்டால் நிறம் உரியவரிடம் போகும். 1990-களில் ஜெர்மனியின் மீன்தொட்டிகளில் தென்பட்டு, ஆணே இல்லாமல் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு மடகாஸ்கர் வரை போய்விட்ட அந்த வரிப்புள்ளி வகைக்குப் பளிங்கு நண்டிறால் சரியாக இருக்கும். வண்ணமீன் கடைக்காரர்களுக்கு முதலில் தெரியவேண்டிய பெயரும் அதுதான்; அதில் ஒன்றே ஒன்று தப்பினாலும் குடும்பம் ஆகிவிடும்.

மேலூர் அண்ணன் பக்கத்து ஊரில் யாரிடமாவது பழைய பறி இருந்தால் ஒரு படம் அனுப்புங்கள். இரைப்பறி பதிவோடு சேர்த்துவிடலாம். வாய் உள்பக்கம் குவிந்திருப்பது தெரிகிறமாதிரி எடுங்கள்.