டஸ் நாட் போட்டப்புறமும் 'சிங்ஸ்'னே எழுதுறான், எப்படி புரிய வைக்கிறது?

பையன் அஞ்சாவது, இங்கிலீஷ்ல வாக்கியத்தை நெகட்டிவா மாத்தற பாடம். இஸ், ஆர் வந்தா நாட் கரெக்டா போட்டுடுறான், ஆனா 'ஷி சிங்ஸ்'னு குடுத்தா 'ஷி டஸ் நாட் சிங்ஸ்'ங்கிறான், பாஸ்ட் டென்ஸ்ல 'டிட் நாட் வென்ட்'. ரூலை கேட்டா கடகடன்னு ஒப்பிக்கிறான், எழுதும்போதுதான் போயிடுது.

பதில் 1:
ரூலை விடுங்க. முதல்ல ஹெல்பிங் வெர்ப் இருக்கான்னு தேட சொல்லுங்க, இஸ், கேன், வில் எது இருந்தாலும் அதுக்கு அடுத்து நாட், முடிஞ்சுது. இல்லைன்னாதான் டூ, டஸ், டிட். சிங்ஸ்ல இருக்கிற எஸ்ஸை டஸ் எடுத்துக்கும், அப்ப மிச்சம் சிங்தான், வென்ட்ல இருக்கிற பாஸ்ட்டை டிட் எடுத்துக்கும், மிச்சம் கோ. அந்த எஸ்ஸை பென்சில்ல வட்டம் போட்டு டஸ் வரைக்கும் அம்புக்குறி போட வைங்க, பத்து வாக்கியம் போட்டா கை தானா பழகிடும்.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஆனா ஹேஸ்ல மாட்டிப்பாங்க பாருங்க. 'ஹி ஹேஸ் எ பென்' வந்தா 'டஸ் நாட் ஹேவ்', 'ஹி ஹேஸ் ஈட்டன்' வந்தா 'ஹேஸ் நாட் ஈட்டன்'. பின்னாடி இன்னொரு வெர்ப் இருக்கான்னு பாக்க சொல்லுங்க. அப்புறம் சம் இருந்தா பெரும்பாலும் எனி ஆகும், டெஸ்ட்ல இதுல மார்க் போகும்.

கேட்டவர்:
அம்புக்குறி வேலை செய்யுது! டிட்-க்கு மட்டும் எங்க இருந்து அம்பு போடறதுன்னு கேக்குறான், வென்ட்ல எஸ்ஸே இல்லையே?

பதில் 1:
மொத்த வென்ட்டையும் வட்டம் போட சொல்லுங்க.