ஆமைக்கு எத்தனை டிகிரி சொல்ல வேண்டும்? உங்கள் அனுபவங்கள்

கணித ஆசிரியை:
எட்டாம் வகுப்புக்குப் பைத்தான் நிரல்மொழியில் டர்டில் சொல்லிக்கொடுக்கிறேன். எவ்வளவு முன்னே போக வேண்டும், எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்று கட்டளை தந்தால், திரையில் ஓர் ஆமை கோடு இழுத்துக்கொண்டே நகரும். சதுரம் யாருக்கும் சிரமமில்லை. 100 முன்னே, 90 வலம், நான்கு முறை. அடுத்துச் சமபக்க முக்கோணம் என்றதும் வகுப்பே 60 என்று தட்டும். புத்தகத்தில் அப்படித்தானே படித்திருக்கிறார்கள்! ஆமை மூன்று கோடு இழுத்துவிட்டு, அறுகோணத்தில் பாதியோடு நின்றுவிடும்.

அப்போது நான் விடை சொல்வதில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் முக்கோணம் வரைந்து, ஒரு பிள்ளையை அதன்மேல் நடக்கவிடுவேன். இம்முறை நடந்த மாணவி முதல் முனையில் நின்று யோசித்தாள். "மிஸ், என் மூக்கு நேரே பார்க்கிறது. அடுத்த கோடு எனக்குப் பின்பக்கமாகப் போகிறது. 60 திரும்பினால் போதாதே!" என்றாள். 120 என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. வெளிக்கோணத்தை இதைவிடத் தெளிவாக எந்தக் கரும்பலகையிலும் என்னால் விளக்க முடியாது. ஒரு சுற்று முடித்துப் பழைய திசைக்கு வந்தால் 360. ஐங்கோணத்துக்கு 72, எண்கோணத்துக்கு 45 என்று அவர்களே வகுத்துக்கொண்டார்கள்.

1967இல், குழந்தைகளுக்கான லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் வலியுறுத்தியதும் இதுதான்: குழந்தை தன்னையே ஆமையாக நினைத்துப் பார்க்க வேண்டும்.

பொறியியல் மாணவர்:
ஐந்து முனை நட்சத்திரத்தையும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள், மேடம். 144 டிகிரி, ஐந்து முறை. கூட்டினால் 720. நட்சத்திரம் முடிவதற்குள் ஆமை இரண்டு முழுச் சுற்று திரும்பிவிடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் கோப்புக்கு டர்டில் என்றே பெயர் வைக்காதீர்கள். பைத்தான் தன்னிடமுள்ள டர்டிலுக்குப் பதிலாக உங்கள் கோப்பையே எடுத்துக்கொண்டு பிழை காட்டும்.

கோலத்தில் ஆர்வமுள்ளவர்:
கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1974இலேயே கோலங்களுக்குக் கணினி இலக்கணம், அதாவது கோலம் உருவாகும் விதிகளை, எழுதிக்காட்டினார்கள். அதைப் படித்ததிலிருந்து ஆமையைப் புள்ளிக் கோலத்துக்குப் பழக்குகிறேன். நான்கு புள்ளிச் சிக்குக் கோலத்துக்கு இரண்டே கட்டளை போதும். 80 முன்னே போக வேண்டும். பிறகு 20 ஆரத்தில் 270 டிகிரி வளைய வேண்டும். இதை நான்கு முறை செய்தால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சுழி விழுந்து, கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்கிறது. புள்ளிகளைச் சுழிகளின் நடுவில் வையுங்கள். இங்கே மொத்தத் திருப்பம் 1080, அதாவது மூன்று முழுச் சுற்று.