அறுவைக்கு மறுநாளே எழுப்பலாமா?

தஞ்சைத்தரணி: இடுப்பெலும்பு முறிந்த முதியவரை அறுவைக்கு மறுநாளே எழுப்பிவிட வேண்டும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என் தாயாருக்கு வயது 78. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு மூட்டோடு சேரும் தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, அந்த மூட்டில் பாதியை மாற்றி வைத்தார்கள். மறுநாள் காலையிலேயே இரண்டு பேர் அவரைத் தூக்கி வாக்கரைப் பிடிக்கச் செய்தபோது, வலியில் அவர் கண்ணீர் வடித்ததை அருகில் நின்று பார்த்தவன் நான். அறுத்துத் தைத்த உடம்பு ஆறுவதற்கு ஒரு மாதமாவது வேண்டாமா?

மீனாட்சிபுரத்தாள்: எழுதியவள் நான்தான். எலும்பு முறிவு வார்டில் 31 ஆண்டுகள் செவிலியாக இருந்தவள் என்ற உரிமையோடு மீண்டும் சொல்கிறேன்: மறுநாளே எழுப்ப வேண்டும். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், உடல்நிலை தடுக்காத வரை மறுநாள் என்றே கூறுகிறது. படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சில் சளி கட்டும், முதுகடியில் படுக்கைப்புண் வரும், தொடைச் சதை வற்றிப்போகும். கண்ணீரைப் பார்த்த தங்களுக்கு இவை கண்ணில் படவில்லையா?

தஞ்சைத்தரணி: பிரிட்டன்காரர் வீட்டில் உயரமான கட்டிலும் கமோடும் இருக்கும். எங்கள் ஊர் வீட்டில் இருப்பது குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை. மறுநாளே நடக்க வைத்து அனுப்பினால் எங்கே போய் உட்காருவார்?

காவேரிப்பேரன்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கழிப்பறையைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. என் தந்தைக்கு இதே அறுவை நடந்தபோது, இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலின் மேல் கால் போடக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அதனால் குத்துக்காலிட வேண்டியிராதபடி, நடுவில் துளையிட்ட கமோடு நாற்காலி ஒன்றை வாங்கிக் கட்டிலருகே போட்டோம். வழியில் கிடந்த மிதியடிகளை எடுத்துவிட்டு, இரவு முழுவதும் ஒரு விளக்கை எரியவிட்டோம்.

தஞ்சைத்தரணி: உங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ள நான்கு பேர் இருந்திருப்பார்கள்.

மீனாட்சிபுரத்தாள்: ஆள் கணக்கு எதற்கு? சென்ற ஆண்டு தங்கள் தந்தையாரின் கண் அறுவையின்போதும், எல்லாவற்றையும் என் மனைவியே பார்த்துக்கொள்கிறார் என்று தாங்களே இங்கே எழுதியிருந்தீர்கள். இப்போது ஒரு மாதம் படுக்கை என்றால், ஒரு மாதமும் மலச்சட்டி எடுக்கப்போகிறவர் யார்? தங்கள் மனைவியின் கருத்தைக் கேட்டீர்களா?

தஞ்சைத்தரணி: என் குடும்பத்தைப் பற்றிப் பேசத் தங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? நான் கேட்டது மறுநாளைப் பற்றி.

மீனாட்சிபுரத்தாள்: நானும் அதைத்தான் பேசுகிறேன். மறுநாள் எழுப்புவதென்றால் தெருக்கோடி வரை நடத்துவதென்று யாரும் சொல்லவில்லை. வலிமருந்து கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கியதும் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, வாக்கரோடு நிற்க வைத்து, நான்கு அடி எடுத்து வைக்கச் செய்வார்கள். மருந்து கொடுக்காமல் தூக்கியிருந்தால் அது அங்கிருந்தவர்களின் தவறு. அதற்காக மறுநாள் என்பது தவறாகிவிடாது. வீட்டிற்கு வந்த பிறகு பயிற்சி கொடுக்க ஆளில்லை என்றால், மக்களைத் தேடி மருத்துவம் என்று தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டிற்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

காவேரிப்பேரன்: அம்மா சொல்வது சரி. ஆனால், எங்கள் தந்தையை மறுநாள் அல்ல, அதற்கும் அடுத்த நாள்தான் எழுப்பினார்கள். அவரும் நன்றாகவே நடக்கிறார்.

மீனாட்சிபுரத்தாள்: ஒருவர் தப்பித்ததை வைத்து விதி எழுதாதீர்கள், தம்பி. மறுநாள்.

தஞ்சைத்தரணி: வியாழக்கிழமை தையல் பிரிக்கிறார்கள். அதுவரை என் தாயார் கட்டிலை விட்டு இறங்கமாட்டார். யார் எத்தனை ஆண்டு வார்டில் இருந்தாலும் சரி.

மீனாட்சிபுரத்தாள்: அப்படியானால், இன்றிரவே அவருடைய இரண்டு கெண்டைக்கால்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கியோ சூடாகவோ இருந்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், வியாழன் வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.